ஒரு 'டு'வும் ஒரு கோர்ட் கேஸும்

வெளிமாநிலத்துக்குக் குடிபோகும் தமிழ்க் குடும்பம் எதுவாக இருந்தாலும் சரி. சாமான் இறக்கி, பால் காய்ச்சி, காஸ் கனெக்‌ஷன் மாற்றி மூச்சு விடுவதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். "மெட்ராஸா? அப்ப இங்கிலீஷ் நல்லா வருமே! எங்க பையனுக்கு ட்யூஷன் எடுப்பீங்களா?"

அடியேன் விருதுநகர் பக்கம். மெட்ராஸ் எங்களுக்கு ராத்திரி முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊர். சொன்னால் யார் கேட்கிறார்கள்? தெற்கத்தி ஆள், பேங்க் ஆபீசர் வேறு, இவனுக்கு இங்கிலீஷ் வராமலா என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், பி.காம். பேருக்கு இங்கிலீஷ் மீடியம் என்பதை நானும் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. அந்தக் கதை கடைசியில் வரும். முதலில் தங்கமணியின் கதை.

தங்கமணி பி.ஏ. ஆங்கில இலக்கியம், எம்.ஏ. அஞ்சல் வழி. 2008ல் கல்யாணம் ஆனபோது நான் ராய்ப்பூரில் இருந்தேன். அங்கே ஒரு பள்ளியில் லீவ் வேகன்ஸியில் டீச்சர். 2012ல் நாக்பூர். ஸ்வீட் ஸ்டால் மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையத்தில் சாயங்கால பேட்ச். 2015ல் புனே. சின்ச்வாட் பக்கம் ஃபேக்டரி ஆட்களுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் ராத்திரி ஏழு மணி வகுப்பு. எனக்கு ஒவ்வொரு ட்ரான்ஸ்ஃபரிலும் சர்வீஸ் தொடரும். தங்கமணிக்கு ஒவ்வொரு ஊரிலும் சைபரிலிருந்து கணக்கு. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், ஓப்பனிங் பேலன்ஸ் எப்போதும் நில்.

2013ல், நாக்பூரில் இருக்கும்போது, ஹைதராபாத்தில் ஆங்கில ஆசிரியர்களுக்கான படிப்பு ஒன்றுக்கு அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்தார். 1958ல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, சீஃபெல் என்று பேர் எடுத்து, இப்போது இஃப்ளூ எனப்படும் மத்தியப் பல்கலைக்கழகமாக இருக்கிறதே, அங்கே. நான் என்ன செய்தேன்? எக்ஸெல் ஷீட் போட்டேன். ஃபீஸ், ஹாஸ்டல், போக்குவரத்து, பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் ஒரு பக்கம். படித்தபின் கூடுதலாக வரக்கூடிய சம்பளம் மறு பக்கம். போட்ட காசு திரும்ப ஆறு வருஷம் ஆகும். ட்ரான்ஸ்ஃபர் மூணு வருஷத்துக்கு ஒருமுறை. "ப்ராஜெக்ட் நாட் வயபிள் மேடம், லோன் அப்ளிகேஷன் ரிஜெக்டட்" என்று ஜோக் அடித்தேன். தங்கமணியும் சிரித்தார். அப்ளிகேஷன் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. புனேக்கு வீடு மாற்றும்போது ரேஷன் கார்டு கவருக்குள் நாலாக மடித்துக் கிடந்தது. அப்போதும் ஒன்றும் சொல்லாமல் திருப்பி வைத்தேன்.

2016 மே மாதம், லீவுக்கு ஊருக்குப் போன சாக்கில், சென்னையில் தன் அம்மா வீட்டில் தங்கி செல்டா முடித்தார். தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க கேம்ப்ரிட்ஜ் கொடுக்கும் சான்றிதழ். நாலு வாரம், 120 மணி நேரம். அதில் ஆறு மணி நேரம் நிஜமான மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்தணும். இந்தத் தடவை என்னிடம் பர்மிஷனும் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. தன் ஆர்.டி.யை மூடி ஃபீஸ் கட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து டெல்டா.

பேங்க் நண்பர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். செல்டா நம்ம ஜே.ஏ.ஐ.ஐ.பி. என்றால் டெல்டா சி.ஏ.ஐ.ஐ.பி. முதலாவது, வேலைக்கு வருகிறவருக்கு. இரண்டாவது, ஏற்கெனவே சில வருஷம் குப்பை கொட்டியவருக்கு. இங்கிலாந்தின் தகுதி அளவுகோலில் செல்டா 5ம் நிலை, டெல்டா 7ம் நிலை, அதாவது எம்.ஏ. படிப்புக்குச் சமமான நிலை. இரண்டு பேரின் கடைசியிலும் இருக்கும் 'ஏ', 'அடல்ட்ஸ்' என்பதிலிருந்து வந்தது. வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பது தனி வித்தை என்ற எண்ணம் பேரிலேயே இருக்கிறது. இதன் வேர் 1962ல் லண்டனில் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்ற பள்ளியில் ஜான் ஹேக்ராஃப்ட் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சி. பிறகு ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் கைக்குப் போய், 1988ல் கேம்ப்ரிட்ஜ் கைக்கு வந்தது. 2008லிருந்து டெல்டா மூன்று மாட்யூல்.

முதல் மாட்யூல் எழுத்துத் தேர்வு. விளக்கம் கொடுத்தால் கலைச்சொல் எழுதணும், பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கொடுத்து 'இந்தப் பயிற்சி ஏன் இந்த இடத்தில் இருக்கிறது' என்று கேட்பார்கள். இரண்டாவது, வகுப்பறை. நாலு பாடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பீட்டாளர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட மாணவர் குழுவை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு என்ன தேவை என்று ஆராய்ந்து, குறைந்தது 20 மணி நேரப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்து எழுதும் நீண்ட கட்டுரை. தங்கமணி இணையவழியில் சேர்ந்தார். பாடத்தைப் பார்க்க உள்ளூரிலேயே ஒரு டியூட்டர், ஓய்வுபெற்ற பேராசிரியை. எல்லாம் சேர்ந்து மூணு லட்சத்தைத் தொட்டது. நான் எக்ஸெல் பக்கமே போகவில்லை. பயம்தான்.

சி.ஏ.ஐ.ஐ.பி.க்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாம் பரீட்சை எழுதி பாஸ் செய்துவிட்டு இன்க்ரிமென்ட் வாங்கிக்கொள்வோம். பாஸ் செய்த ஆள் கேபினில் கஸ்டமரிடம் எப்படிப் பேசுகிறான் என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. இங்கே பார்ப்பார்கள். அதுவும் சும்மா பார்ப்பதில்லை. ஒரு பாடத்துக்கு முன்னால் அந்த விஷயம் பற்றி 2,000 முதல் 2,500 வார்த்தையில் ஒரு கட்டுரை. பிறகு, எந்த நிமிடம் என்ன நடக்கும், ஏன் நடக்கும், எங்கே உதைக்கலாம் என்ற பாடத்திட்டம். பாடம் முடிந்தபின் தன் பாடத்தைத் தானே மதிப்பிட்டு 500 முதல் 750 வார்த்தை.

முதல் பாடம் 2018 ஜூலை. தங்கமணி எடுத்துக்கொண்டது இறந்தகாலம். 'போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?' பன்னிரண்டு மாணவர்கள், ஐம்பது நிமிடம். ஒரு வாரம் வீடு முழுக்க வெட்டிய படங்களும் கோந்து வாசனையும். எனக்கு நாலு நாள் தயிர்சாதம்.

வீட்டுக்கு வந்ததும் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி பையன் தூங்கினபின் அவரே சொன்னார்.

"ஃபெயில்."

"ஃபெயில்னா?"

"ஃபெயில்னா ஃபெயில்தாங்க. பத்து வருஷமா நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு தெரியல."

ஒரு பாடம் தோற்றால் குடி முழுகிவிடாது. கடைசிப் பாடத்தைப் பார்க்க கேம்ப்ரிட்ஜ் நியமித்த வெளி ஆள் வருவார். அது தேறாமல் மாட்யூல் தேறாது. கணக்கு அதுதான். ஆனால் அப்போது கணக்கு பேசினால் தோசைக்கரண்டி பறக்கும் என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

டியூட்டர் எழுதிக்கொடுத்த குறிப்பு இரண்டு பக்கம். அதில் ஒரு இடம் மட்டும் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அன்றைக்கு வகுப்பில் மில்லிங் மெஷின் ஓட்டும் ஒரு பெரியவர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, சாதாரா பக்கத்து ஆள். எல்லாரும் அவரை காகா என்பார்கள், மராத்தியில் சித்தப்பா. சேர்ந்து ஆறு வாரமாகத் தானாக ஒரு வாக்கியம் பேசாதவர், அன்றைக்கு வாய் திறந்தார். "சண்டே முடிஞ்சு மண்டே, ஐ வென்ட் கோர்ட்." தங்கமணி பளிச்சென்று, "வெரி குட்! வென்ட் டு கோர்ட். டு, டு. எல்லாரும் சொல்லுங்க, வென்ட் டு கோர்ட்." பன்னிரண்டு பேரும் கோரஸாகச் சொன்னார்கள். அடுத்த ஆளிடம் போய்விட்டார். காகா அப்புறம் வாயே திறக்கவில்லை.

டியூட்டர் எழுதியது இவ்வளவுதான். 'ஆறு வாரம் கழித்து ஒருவர் ஒரு கதையோடு வந்தார். நீங்கள் அவரிடமிருந்து ஒரு டு-வை வசூலித்துக்கொண்டு கதையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.'

அடுத்த சனிக்கிழமை, இரண்டாவது சனி, பேங்க் லீவ். தங்கமணி பாடத்தை போனில் ரெக்கார்ட் செய்து வைத்திருந்தார். "எனக்கு இதை உட்கார்ந்து கேட்க முடியல. நீங்க ஆடிட் பண்ணுங்க" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே உதவி அதுதானே. ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் பேச்சு ஒரு காலம், எழுத்து வேலையில் அமைதி ஒரு காலம், மாணவர் பேச்சு ஒரு காலம்.

டீச்சர் 32 நிமிடம் 40 விநாடி. அமைதி 8 நிமிடம் 30 விநாடி. பன்னிரண்டு மாணவர்களும் சேர்ந்து 8 நிமிடம் 50 விநாடி. தலைக்கு 44 விநாடி. அதிலும் கோரஸைக் கழித்தால் மூணு பேர் கணக்கு சைபர். பேச்சுப் பழக வந்த வகுப்பு. ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, டெம்போ பிடித்து, காசு கட்டி வந்தவர்களுக்கு 44 விநாடி.

ஷீட்டைப் பார்த்து தங்கமணி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நான் நல்லா நடத்தறேன்னுதானே எல்லாரும் சொல்வாங்க?" என்றார். நல்லாத்தான் நடத்தினார். ரெக்கார்டிங்கில் கேட்கும்போது எனக்கே பிடித்தது. தெளிவு, வேகம், நடுவில் ஒரு ஜோக். அதுதான் சிக்கலே. நடத்தியது அவர், பார்த்தது அவர்கள்.

இன்னொன்றும் அன்றைக்குப் புரிந்தது. பாடம் தோற்றதற்கு முழுக் காரணம் பாடம் இல்லை. முடிந்தபின் எழுதிக்கொடுத்த சுயமதிப்பீட்டில் தங்கமணி, 'மாணவர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள், அதனால் பேசவில்லை' என்று எழுதியிருந்தார். நம்ம பிராஞ்ச் இன்ஸ்பெக்‌ஷனை நினைத்துப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் ஓட்டையைக் கண்டுபிடிப்பார், நாம் 'குறித்துக்கொள்ளப்பட்டது, சரிசெய்யப்படும்' என்று பதில் எழுதுவோம். அவர் போனதும் பழைய குருடி கதவைத் திறடி. இங்கே கண்டுபிடிக்க வேண்டியதே நாம்தான். ஓட்டை இருந்தாலும், அதை நீயே பார்த்து, ஏன் என்று சொல்லி, அடுத்த முறை என்ன செய்வாய் என்று எழுதினால் அதற்கு மதிப்பு. பார்க்கத் தெரியாவிட்டால் ஓட்டையை விட அது பெரிய குற்றம். இருபது வருஷ சர்வீஸில் எந்த மேனேஜரையும் தன் பிராஞ்ச் பற்றித் தானே இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதச் சொல்லி நான் பார்த்ததில்லை. சொன்னால் பாதி வாராக்கடன் குறைந்திருக்கும். (தலைமை அலுவலகத்தில் யாராவது படித்தால், இது சும்மா தமாஷ்.)

பிறகு ஆறு மாதம் வீட்டில் புத்தகங்கள்தான். அதில் ஒரு சந்தோஷம், அதையும் சொல்லிவிடுகிறேன். கேம்ப்ரிட்ஜ் படிப்பு என்றால் எல்லாம் வெள்ளைக்காரர்களின் பெயராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் டைனிங் டேபிளில் 'பியாண்ட் மெத்தட்ஸ்' என்றொரு புத்தகம். ஆசிரியர் பி. குமாரவடிவேலு. "நம்ம ஊர்ப் பேரா இருக்கே?" என்றால், ஆமாம், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத்திலும் படித்து அமெரிக்காவில் பேராசிரியர் ஆனவர். 2003ல் வந்த புத்தகம். எங்கோ இருந்து யாரோ வகுத்த முறையை அப்படியே இறக்குமதி செய்யாதே, உன் வகுப்பு, உன் ஊர், உன் மாணவர் என்று பார்த்து உன் வழியை உருவாக்கு என்று சொல்கிறவர். இன்னொருவர் சுரேஷ் கனகராஜா. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் போருக்கு நடுவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆங்கிலத்தின் ஆதிக்கத்தை நம் மாணவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று 1999ல் புத்தகம் எழுதினார்.

மூன்றாவது என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூருத் திட்டம் என்று பெயர்பெற்ற முயற்சியை நடத்தியவர். பேர்தான் பெங்களூரு. சென்னை, கடலூர் பள்ளிகளிலும் நடந்தது. இலக்கணத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடி, வரைபடத்தில் வழி சொல் என்று வேலை கொடுத்து, மனசு அர்த்தத்தில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்று பார்த்த பரிசோதனை. இன்றைக்கு உலகம் முழுக்க பணிவழிக் கற்பித்தல் என்று பேசுகிறவர்கள் இதைத் தொடாமல் போவதில்லை. நம்ம கடலூர்ப் பிள்ளைகள் உட்கார்ந்த பெஞ்சைப் பற்றி லண்டன் டியூட்டர் எழுதி அனுப்ப, புனேயில் தங்கமணி படிக்கிறார். உலகம் ரவுண்டுதான் மக்களே.

ஆங்கிலத்துக்கு வெள்ளைக்கார முத்திரை எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கும் இதுதான் என் பதில். அந்த முத்திரையைக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த புத்தகங்களும் அதே படிப்பின் வாசிப்புப் பட்டியலில்தான் இருந்தன. அதே சமயம் ஆசிரியை ஒருத்தி தன் வகுப்பைத் தானே பார்க்க மூணு லட்சம் செலவழிக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

இரண்டாவது மாட்யூலில் 'பரிசோதனைப் பாடம்' என்று ஒன்று உண்டு. இதுவரை நீ முயன்றே பார்க்காத ஒரு முறையில் ஒரு வகுப்பு எடுத்து, என்ன நடந்தது என்று எழுதணும். தங்கமணி எடுத்தது, 1970களில் அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் கரன் பரப்பிய முறை. மாணவர்கள் வட்டமாக உட்காருவார்கள். ஆசிரியர் வெளியே நிற்பார். பேச நினைப்பதை மாணவர் தன் தாய்மொழியில் சொல்லணும். ஆசிரியர் காதோரம் போய் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்வார். மாணவர் அதைச் சொல்லி ரெக்கார்ட் செய்வார். என்ன பேசுவது என்பதை முடிவு செய்வது மாணவர்கள். ஆசிரியர் வெறும் சேவகர்.

இதற்கு ஆசிரியருக்கு மாணவர்களின் மொழி தெரியணும். தங்கமணியின் மராத்தி காய்கறி மார்க்கெட் மராத்தி. அன்றைக்கு பாதி நேரம் மாணவர்கள் அவரைத் திருத்தினார்களாம். "அப்படி இல்லை தாயீ, இப்படி." (தாயீ என்றால் மராத்தியில் அக்கா. முதல் நாள் என்னை 'தாயி'ங்கறாங்களே, அவ்வளவு வயசானவளாவா தெரியறேன் என்று வீட்டில் வந்து புலம்பியது தனிக்கதை.) எல்லாரும் சிரித்தார்கள். டீச்சருக்கே தப்பு வருகிறது என்றதும் ஏதோ ஒரு பூட்டு திறந்தது.

காகா பேசினார். பதினோரு நிமிடம். வாக்கியம் வாக்கியமாக, மராத்தியில் சொல்லி, இங்கிலீஷில் வாங்கி, போனில் பதிந்து.

சாதாரா பக்கம் அவர் அப்பாவின் நிலம். பங்காளி கேஸ், பதினாலு வருஷம். கீழ்க்கோர்ட்டில் நடந்தவரை எல்லாம் மராத்தியில் இருந்தது, காதால் கேட்டுப் புரிந்துகொண்டார். பிறகு கேஸ் மும்பை ஹைகோர்ட்டுக்குப் போனது. ஹைகோர்ட்டில் ஆங்கிலம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராத்திரி ஷிஃப்ட் முடித்து ரயில் ஏறிப் போவார். வக்கீல் எழுந்து ஏதோ பேசுவார், ஜட்ஜ் ஏதோ கேட்பார், மூணு நிமிடத்தில் முடிந்துவிடும். வெளியே வந்து வக்கீலைக் கேட்டால், "அடுத்த தேதி போட்டாச்சு." தன் நிலத்தைப் பற்றித் தன் முன்னாலேயே பேசுகிறார்கள், தனக்கு ஒரு சொல் புரியவில்லை. அதனால்தான் ஐம்பது வயதில் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார். பேசுவதற்கு இல்லை. கேட்பதற்கு.

"அவர் ஏன் வந்தார்ங்கறதைத்தான் அன்னிக்கு சொன்னாருங்க. ஐ வென்ட் கோர்ட்னு. நான் 'டு' எங்கேன்னு கேட்டேன்." இதைச் சொல்லும்போது தங்கமணி அழுதார். ஃபெயில் ஆன அன்றைக்குக்கூட அழாதவர்.

இப்போது என் கதை.

மூன்றாவது மாட்யூலுக்குக் கேள்விப்பட்டியல் ஒன்று தயாரிக்கணும். மாணவர் எங்கே, யாரிடம், எதற்கு ஆங்கிலம் பயன்படுத்துகிறார் என்று துருவித் துருவிக் கேட்பது. 'ஸ்போக்கன் இங்கிலீஷ் வேணும்' என்று எல்லாரும் ஒரே வரியில்தான் சொல்வார்கள். உள்ளே போனால் ஒருவருக்கு வேண்டியது கம்பெனி ஆடிட்டர் வரும்போது மூணு நிமிடம் மெஷினை விளக்க. ஒரு அம்மாவுக்கு வேண்டியது பிள்ளையின் பள்ளி டீச்சரிடம் தலை நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்க. மாணவர்களிடம் கொண்டுபோவதற்கு முன் யாரிடமாவது ஒத்திகை பார்க்கணுமே. 2019 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிடைத்த ஆடு நான்.

நாலாவது கேள்வி: 'கடைசியாக எப்போது, ஆங்கிலத்தில் பேசவேண்டிய ஒரு சந்தர்ப்பத்தைத் தவிர்த்தீர்கள்?'

சும்மா ஒத்திகைதானே, எதையாவது சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. சொல்ல வந்தது வேறு.

ஸ்கேல் டூவிலிருந்து ஸ்கேல் த்ரீக்கு இரண்டு தடவை எனக்கு வாய்ப்பு வந்தது. இரண்டு தடவையும் போகவில்லை. 'ப்ரமோஷன் வாங்கினா வேற ஜோனுக்குத் தூக்கிப் போடுவான், பையன் படிப்பு கெடும்' என்று வீட்டில் சொன்னேன். ஊரில் அம்மாவிடமும் அப்படியே. குடும்பத்துக்காகத் தியாகம் செய்தவன் என்று நல்ல பேர். உண்மை என்னவென்றால் இன்டர்வியூ. அஞ்சு பேர் எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்பார்கள். ஜோனல் ஆபீஸ் ரிவ்யூ மீட்டிங்கிலேயே என் பிராஞ்ச் நம்பரை என் கூட வரும் சின்னப் பையனைத்தான் பேசச் சொல்வேன், "இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கணும்" என்று. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். வாய் திறந்தால் விருதுநகர் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்ற பையன் வந்துவிடுவான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இங்கிலீஷ் டீச்சரோடு ஒரே வீட்டில். சொல்லவே இல்லை.

தங்கமணி பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "இத்தனை வருஷம் என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். "சொன்னா நீ திருத்துவேன்னு பயம்" என்றேன்.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் காபி போட்டு வந்தார்.

அதற்கப்புறம் ஒரு நாளும் எனக்கு இலக்கணம் எடுக்கவில்லை. ஒரே ஒரு விளையாட்டு. ஆசிரியர்கள் இதை 4-3-2 என்பார்கள். ஒரே விஷயத்தை மூணு பேரிடம் சொல்லணும். முதலாமவரிடம் நாலு நிமிடம், அடுத்தவரிடம் மூணு, கடைசி ஆளிடம் இரண்டு. விஷயம் அதேதான் என்பதால் சொல்லுக்குத் திணறுவது குறையும், வேகம் வரும். நடுவில் யாரும் திருத்தக் கூடாது. என் விஷயம், மூழ்க இருந்த ஒரு சின்ன ஃபவுண்டரியின் லோன் கணக்கை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பது. நாலு நிமிடம் தங்கமணி, மூணு நிமிடம் பையன், இரண்டு நிமிடம் எதிர்வீட்டு மாமா. மாமாவுக்கு அந்த ஃபவுண்டரிக் கதை மனப்பாடம்.

2019ல் தங்கமணிக்கு டெல்டா முடிந்தது. வெளி மதிப்பீட்டாளர் பார்த்த கடைசிப் பாடம் பாஸ். மெரிட், டிஸ்டிங்ஷன் என்று ஒன்றும் இல்லை, வெறும் பாஸ். 2021ல் நான் இன்டர்வியூ போனேன். இரண்டு இடத்தில் தடுக்கினேன், ஒரு கேள்வி புரியாமல் திரும்பக் கேட்டேன். ஃபவுண்டரியைப் பற்றிக் கேட்டபோது இரண்டு நிமிடம் நிற்காமல் பேசினேன். ப்ரமோஷன் வந்தது. நான் வீட்டில் சொல்லிவந்த பொய்யும் கூடவே உண்மையாகிவிட்டது. வேறு ஜோன், போபால்.

இந்தத் தடவை வீட்டைக் காலி செய்யவில்லை. தங்கமணி இப்போது புனேயில் மற்ற ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது இப்போது அவர். பதிமூணு வருஷமாக என் பின்னால் மூட்டை கட்டி வந்தவர். இந்த முறை மூட்டை எனக்கு மட்டும். போபாலில் ஒற்றை ரூம், நானே வைத்த ரசம். சுமார்தான். 2013ல் போட்ட அந்த எக்ஸெல் ஷீட்டில் எந்த காலத்திலும் இதெல்லாம் இல்லை.

வெளியூரில் வீட்டிலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. உடனே டெல்டாவுக்கு ஓடாதீர்கள். அனுபவம் இல்லாமல் அதில் சேர்வது தண்டச்செலவு. முதலில் காசில்லாத வேலை ஒன்று செய்யுங்கள். மாணவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த வகுப்பை போனில் ரெக்கார்ட் செய்து, யார் எத்தனை விநாடி பேசினார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்களுக்குக் கேட்கத் தைரியம் இல்லையென்றால் ரங்கமணியிடம் கொடுங்கள். அவருக்கும் ஏதாவது உபயோகமான வேலை வேண்டாமா?

காகாவின் கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தா முடிந்து திரும்பும்போது ரயிலிலிருந்து தங்கமணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். இங்கிலீஷில்தான். வக்கீல் என்ன சொன்னார், ஜட்ஜ் என்ன கேட்டார், எது புரிந்தது, எது புரியவில்லை என்று. போன வாரம் நான் புனே போயிருந்தபோதும் ஒன்று வந்தது. "தாயீ, டுடே ஐ வென்ட் கோர்ட்" என்று ஆரம்பித்தார்.

'டு' இன்னும் வரவில்லை. தங்கமணி கேட்கவும் இல்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.